தோல் கழகத்துக்கு, பிளடர் பள்ளிக்கூடத்துக்கு

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். கிட்டங்கி வாசலில் போட்டிருந்த என் மேசைக்கு முன்னால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் குலசேகரம் மாஸ்ரர், பள்ளிக்கூடத்து உதைபந்தாட்டக் குழுவுக்குப் பொறுப்பானவர். அவர் கையில் ஒரு பிஸ்கட் ரின். மற்றவர் தேவராசா, கடற்கரை விளையாட்டுக் கழகத்தின் கப்டனும் கோல் காப்பாளரும். அவர் கையில் பந்து. ஆட்டம் அப்போதுதான் முடிந்திருக்கும், பந்து இன்னும் சூடாக இருக்கும்.

தேவராசா நிலத்தில் குந்தியிருந்து, பந்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு லேஸைக் கழற்றுவார். தோலின் வாய் திறக்கும். உள்ளே காற்றடைத்து வைத்த றப்பர்ப் பையின், அதுதான் பிளடரின், வாலை வெளியே இழுத்து, அதில் சுற்றிய நூலை அவிழ்ப்பார். புஸ்ஸென்று காற்றுப் போகும். பழைய ரப்பர் மணம் என் மேசை வரைக்கும் வரும்.

மாஸ்ரர் சுருங்கிப்போன பிளடரை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை கீட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு முகப்பவுடர் தூவிய பிஸ்கட் ரின்னுக்குள் பக்குவமாக வைத்து மூடுவார். வெறுந்தோல் தேவராசாவின் கக்கத்துக்குப் போகும். நான் கையை நீட்டுவேன். லேஸ் என்னிடம் வரும். முத்திரையும் றப்பர் ஸ்ராம்பும் கிடக்கிற மேசை லாச்சிக்குள் அதைப் போட்டுப் பூட்டுவேன்.

ஒரு பந்து இப்படித்தான் தினமும் மூன்று இடத்துக்குப் பிரிந்து போனது.

போன கிழமை எழுதிய சவர்க்காரக் கதையை வாசித்த ஒருவர், "மலர் அக்கா, நீங்கள் எல்லாத்தையும் பகிடியாக்கிறியள், அந்தக் காலம் அவ்வளவு பகிடியோ?" என்று கேட்டு எழுதியிருந்தார். பகிடி இல்லைத்தான், தம்பி. ஆனால் நாங்கள் அப்போது சின்ன வயதுக்காரர். சின்ன வயதுக்காரருக்குச் சிரிக்க விஷயம் கிடைக்காமல் போகாது. அழுததை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

உரம் இல்லாத உரக் கிட்டங்கி

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. வீடு கரவெட்டியில். கரவெட்டிக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர் வேலை. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய உரக் கிட்டங்கி இருந்தது. சீமெந்து நிலம், தகரக் கூரை, உயரத்தில் கம்பி போட்ட யன்னல்கள். ஒரு காலத்தில் கூரை முட்ட யூரியா மூட்டை அடுக்கியிருந்ததாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சண்டைக் காலம், பொருளாதாரத் தடை. யூரியாவில் குண்டு செய்வார்கள் என்று அதையும் வரவிடவில்லை. ஆக, நான் உரம் இல்லாத உரக் கிட்டங்கியின் பூட்டையும் திறப்பையும் வைத்திருந்த கிளாக்கர்.

பள்ளிக்கூட மைதானம் பெரிய றோட்டுக்குப் பக்கத்தில். கொஞ்சப் பேர் ஓட, நூறு பேர் சுற்றி நின்று பார்த்தால், மேலே போகிற ஆமி ஹெலிக்கு என்னவோ ஏதோ என்று தோன்றும். ஒருநாள் தோன்றிச் சுட்டும் விட்டது. ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கோல் கம்பம் ஒன்று முறிந்ததோடு சரி. அன்றோடு அதிபர் மைதானத்தில் பந்தடிப்பதை நிற்பாட்டிவிட்டார்.

கழகத்தின் மைதானம் வல்வெட்டித்துறைக்குக் கிட்ட, கடற்கரை மணலில். கழகத்துக்காரர் எல்லாரும் தொழிலாளிகள், கடலோடிகள். கடலுக்குப் போக விடாத காலம் என்றபடியால் அவர்களுக்குப் பந்தடிதான் முழுநேர வேலையாக இருந்தது. வடமராட்சியில் அவர்களை வெல்ல ஆளில்லை. ஆனால் அந்த மைதானம் கடற்படைப் படகுகளின் கண்ணுக்கு நேரே. அதுவும் சரிவரவில்லை.

இரண்டு பகுதியும் ஒரே நாளில், ஒரே யோசனையோடு எங்கள் மனேச்சரிடம் வந்தார்கள். மனேச்சர் கெட்டிக்காரன்.

"பிள்ளை, வெறுங் கிட்டங்கி எண்டால் ஆராவது வந்து தாங்கோ எண்டு கேட்பினம். இல்லையெண்டு சொல்லவும் ஏலாது. பள்ளிக்கூடப் பொடியள் பந்தடிக்கினம் எண்டால் கேட்க மாட்டினம்" என்று என்னிடம் சொன்னார். "ரெண்டு பகுதிக்கும் குடுப்பம். நாலிலையிருந்து அஞ்சு பள்ளிக்கூடம், அஞ்சிலையிருந்து ஆறு கழகம். திறப்பு உன்னட்டை இருக்கட்டும்."

எனக்கு வேலை நாலரைக்கு முடியும். ஆறு மணி வரைக்கும் நான் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் வீடு றோட்டுக்கு அந்தப் பக்கம்தான், படலையில் நின்று பார்த்தால் என் மேசை தெரியும், பயப்பிடத் தேவையில்லை என்றார். நான் கேட்டது பயத்தைப் பற்றி இல்லை. ஆனால் மனேச்சர்மார் தங்களுக்குத் தெரிந்த கேள்விக்குத்தானே பதில் சொல்வார்கள்.

தூணும் ஒரு ஆட்டக்காரன்

உள்ளரங்கு என்று இப்போது கொழும்பிலும் ரொறன்ரோவிலும் கட்டி வைத்திருப்பதை நினைக்காதீர்கள். எங்கள் அரங்கின் நடுவில் ஒரே வரிசையில் ஆறு தூண்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் விளையாடுவார்கள், ஏழாவது ஆள் தூண். பந்தைத் தூணில் அடித்துத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடுவதில் பள்ளிக்கூடத்து வசந்தன் மன்னன். பதினெட்டு வயது, மெலிந்த பொடியன். தூணோடு பேசி வைத்திருக்கிறான் என்று கழகத்துக்காரர் முறைப்பாடு சொல்வார்கள்.

சுவருக்கு வெள்ளை அடித்து, படகுக்குப் பூசுகிற தாரால் கோல் கீறியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பொடியள் முதல்நாள் சப்பாத்தோடு வந்தார்கள். சீமெந்தில் சறுக்கி ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள். மறுநாள் வெறுங்காலோடு வந்தார்கள். வேகமான அடி ஒன்று சுவரில் பட்டால், வெடிப்புகளுக்குள் இருந்த பழைய யூரியாத் தூள் எழும்பும். கண் எரியும். எங்கள் அம்மா என் சட்டையை மணந்து பார்த்துவிட்டு, "நீ சங்கத்திலை வேலை செய்யிறியோ, மாட்டுக் கொட்டிலிலை வேலை செய்யிறியோ?" என்று கேட்டிருக்கிறா.

பந்து கூரையில் பட்டால் எதிர்ப் பகுதிக்கு. அது சட்டம். ஆனால் தகரத்தில் பந்து பட்டு எழும்புகிற சத்தம் இருக்கிறதே, முதல் கிழமை அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் நிலத்தில் குப்புறப் படுத்தார்கள். நான் மேசைக்குக் கீழே. பிறகு பழகிவிட்டது. எவ்வளவு பழகியது என்றால், ஒருநாள் தூரத்தில் உண்மையாகவே ஷெல் விழுந்த சத்தத்துக்குக் குலசேகரம் மாஸ்ரர் விசிலை ஊதி, "கூரைப் பந்து, மற்றப் பகுதிக்கு" என்று கையைக் காட்டினார். பந்து வசந்தனின் காலடியில் கிடந்தது.

எனக்குப் பந்தடி என்றால் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. எட்டு வயதில் மாமா யாழ்ப்பாணத்துக்குப் பந்தடி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளையில் ஐஸ்பழ வானுக்குப் பின்னால் போய் நான் தொலைந்துவிட்டேன். மாமா என்னைத் தேடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் தேடினார். ஐஸ்பழக்காரர் என்னை வானில் ஏற்றி வைத்து மூன்று ஐஸ்பழம் தந்திருந்தார். அதனால் எனக்கு மாமாவில் கோபமில்லை, பந்தடியில்தான் கோபம்.

ஒப்பந்தம்

பந்துக்கு வருகிறேன். தடைக் காலத்தில் புதுப் பந்து வாங்குவது நடக்காத காரியம். கழகத்திடம் நல்ல தோல் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு சுற்றுப்போட்டியில் வென்றது. ஆனால் உள்ளே இருந்த பிளடர் ஒட்டுப் போட்டுப் போட்டு ஒட்டே பிளடர் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திடம் புதுப் பிளடர் ஒன்று இருந்தது. லண்டனுக்குப் போன பழைய மாணவன் ஒருவன் ஆரோ வந்தவரிடம் கொடுத்து அனுப்பியது. அவர்களின் தோல் கிழிந்து, அதற்குள் கோழி அடைகாக்கலாம் என்கிற நிலை.

தோல் இல்லாமல் பிளடர் இல்லை, பிளடர் இல்லாமல் தோல் இல்லை. அப்படியென்றால் இரண்டும் ஒன்றாகவே கிடக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாஸ்ரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பிள்ளை, உது பள்ளிக்கூடச் சொத்து. கடற்கரைக் காத்திலை ஒரு ராத்திரி கிடந்தால் றப்பர் போச்சு."

"எங்கடை தோலுக்குத் தினம் எண்ணெய் பூச வேணும்" என்றார் தேவராசா. "மாஸ்ரர் வீட்டிலை சுறா எண்ணெய் இருக்கோ?"

மாஸ்ரர் சைவம். முகத்தைச் சுளித்தார். ஆக, தினமும் பிரிப்பது என்று முடிவாயிற்று. லேஸை ஆர் வைத்திருப்பது என்று அடுத்த சண்டை. அது சங்கத்துக்கு, அதாவது எனக்கு, என்று மனேச்சர் தீர்ப்புச் சொன்னார்.

பத்து நிமிடம்

பிளடர் ரின்னுக்குள் போன மறுகணம் மாஸ்ரர் சைக்கிளில் ஏறிவிடுவார். ரியூசன் வகுப்பு. கழகத்துப் பொடியளும் போய்விடுவார்கள். தேவராசா மட்டும் நிற்பார். தோலின் தையல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார், ஈரம் இருந்தால் துடைப்பார். நான் லாச்சியைப் பூட்டி, யன்னல் கொழுக்கியைக் கொழுவி, கதவைச் சாத்துவேன். பெரிய இரும்புக் கதவு. அவர் ஒரு பக்கம் தள்ள, நான் ஒரு பக்கம் இழுப்பேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

அவருக்கு வயது இருபத்தெட்டு. கடல் திறந்திருந்த காலத்தில் படகில் போனவர், இப்போது வீட்டில் இருந்து வலை பொத்துகிறவர். கதைக்கத் தெரியாத மனிசன். கதைத்தாலும் காலநிலைதான்.

"இண்டைக்கு மழை வராது, மிஸ்."

"நான் கேட்டனானோ?"

"இல்லை. சைக்கிளிலை போறியள், அதுக்குச் சொன்னனான்."

இவ்வளவுதான். இதற்காக நான் காலையிலிருந்து காத்திருந்தேன் என்பதை இப்போது எழுத எனக்கு வெட்கமில்லை. அப்போது வெட்கமாக இருந்தது. அதை மறைக்கப் புறுபுறுத்தேன். "உங்கடை உந்தப் பந்தாலை எனக்குத் தினம் பிந்துது. ஒரு பந்தைக் கழட்டவும் பூட்டவும் ஒரு ஊர்வலம்." தினமும் இதைச் சொல்வேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டில் அப்போது ஒரு படம் வந்திருந்தது. கனடா மாப்பிள்ளை. பனிக்குள்ளே, யாரோ ஒருவரின் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அம்மாவுக்கு நல்ல விருப்பம். அப்பர் என்னைக் கூப்பிட்டு, "ஓம் எண்டு எழுதவோ?" என்று கேட்டார். ஒரு மாதம் தாங்கோ, யோசிக்க வேணும் என்றேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. இந்த மனிசனுக்கு மனசில் ஏதாவது இருந்தால் ஒரு மாதத்துக்குள் வாயைத் திறக்க வேண்டும், அதுதான் விஷயம். எங்கள் வீட்டில் கடற்கரைப் பக்கம் என்றால் மீன் வாங்கப் போவதோடு சரி, சம்பந்தம் பேசப் போவதில்லை. அவர் அதைத் தெரிந்துதான் மழையைப் பற்றிக் கதைத்தார் என்று நினைக்கிறேன். தினம் பத்து நிமிடப்படி ஒரு மாதம். எப்படியாவது ஒருநாள் மழையைத் தாண்டி வருவார் என்று இருந்தேன்.

வலைக்காரன் தையல்

ஒரு மணித்தியாலம் போதாது என்று இரண்டு பகுதிக்கும் குறை. கடைசியில் ஒரு போட்டி வைப்பது என்று தீர்மானித்தார்கள். வென்ற பகுதிக்கு நாலிலிருந்து ஆறு முழுவதும். தோற்ற பகுதிக்கு இரண்டிலிருந்து நாலு. இரண்டு மணி வெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் மனிதர் அவிந்துபோவார்கள். ஆகவே ஆருக்கும் தோற்க விருப்பமில்லை. போட்டி இரண்டு கிழமை தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியது.

அதற்கு முந்தின ஞாயிறு பயிற்சியில் வசந்தன் அடித்த அடியில் பந்தின் தையல் விட்டுவிட்டது. லேஸ் போடும் துளைகளும் கிழிந்துபோயின. தேவராசா பார்த்துவிட்டு, தைக்கலாம், ஆனால் பிளடரும் வேண்டும், அளவு பார்த்துத் தைக்க வேண்டும் என்றார். மாஸ்ரர் பிஸ்கட் ரின்னைக் கொடுத்தபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

திங்கள் பின்னேரம் தேவராசா பந்தோடு வந்தார். முழுப் பந்து. காற்று நிறைந்து, கல்லுப் போல. லேஸ் இல்லை, வாயும் இல்லை. வலைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி நைலோன் நூலில் மெழுகு பூசி, தோலைச் சுற்றிவர ஒரே தையலாகத் தைத்து மூடியிருந்தார். வலை பொத்துகிறவனுக்கு ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தானே கை போகும்.

"பிளடர் எங்கை?" என்றார் மாஸ்ரர்.

"உள்ளை, சேர். ஊசி படாமல் கரண்டியை உள்ளை வைச்சுத் தைச்சனான்."

"காத்துப் போனால்?"

"ஞாயிறு மட்டும் தாங்கும். பேந்து பாப்பம்."

மாஸ்ரர் பந்தைக் கையில் வாங்கி அமத்திப் பார்த்தார், நிலத்தில் குத்திப் பார்த்தார். அருமையாக எழும்பியது. பந்து கிட்டங்கிக்குள்ளேயே கிடக்கட்டும், திறப்பு மிஸ்ஸிடம்தானே இருக்கிறது என்று இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்டன.

அப்போது தேவராசா என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சந்தோசம். "இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை, மிஸ். கழட்டத் தேவையில்லை, பூட்டத் தேவையில்லை. நேரத்துக்கு வீட்டை போகலாம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பந்தை அவர் தலையில் போட்டிருப்பேன். நான் தினம் புறுபுறுத்ததை இந்த மனிசன் அப்படியே நம்பியிருக்கிறார்.

அன்றைக்கு ஆறு மணிக்கு ஆரோ ஒரு பொடியன் பந்தை என் மேசைக்குக் கீழே உருட்டிவிட்டான். நாலைந்து பேர் சேர்ந்து கதவை இழுத்து மூடினார்கள். "போட்டு வாறன், மிஸ்" என்று சொல்லித் தேவராசாவும் அவர்களோடு போனார். நிற்க அவருக்கு ஒரு சாட்டும் இல்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லாம் அப்படியே. வெள்ளிக்கிழமை மழை வந்தது. அதைக்கூடச் சொல்லிவிட்டுப் போகவில்லை. வீட்டில் அம்மா படத்தை எடுத்துச் சாமியறையில் வைத்துவிட்டா.

கத்தரிக்கோல்

சனிக்கிழமை பயிற்சி இல்லை. போட்டிக்காகச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டு, பதினொரு மணிக்கே எல்லாரும் போய்விட்டார்கள். நான் கதவைப் பூட்டப் போனேன். பந்து மூலையில் கிடந்தது. மூட்டை நூல் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் மேசையில் கிடந்தது.

முன்பே யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். வாய் இருந்த இடத்தில் நாலு தையலை மட்டும் வெட்டினால் போதும், பிறகு பழையபடி லேஸ் போட வேண்டி வரும், இவர் பழையபடி குந்தியிருந்து கழற்றுவார் என்று என் மூளை சொன்னது. வெட்டினேன். ஆனால் அது ஒரே நூல் தையல் என்பதை நான் நினைக்கவில்லை. நாலு தையலை வெட்ட நாற்பது தையல் தளர்ந்தது. தோல் வாழைப்பழத் தோல் போல விரிய, பிளடர் முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது.

உள்ளே தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ள மற்றப் பக்கத்தால் வந்தது. நாளைக்குப் போட்டி. வேறு பந்து வடமராட்சியிலேயே இல்லை. பந்தை அப்படியே மூலையில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா, படத்தை நினைத்துக்கொண்டு இருக்கிறாளாக்கும் என்று சந்தோசப்பட்டா.

எலி

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே சனம். யன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் அப்பரும் வந்திருந்தார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவன். மனேச்சர்தான் றெபிறி. அவருக்குப் பந்தடிச் சட்டம் ஒன்றும் தெரியாது, அதனால் இரண்டு பகுதியும் அவரை நம்பின.

கதவைத் திறந்தேன். பந்தைக் கண்டார்கள்.

எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. தோற்கப் பயந்து கழகம் அறுத்துவிட்டது என்றார்கள் பள்ளிக்கூடத்துக்காரர். தங்கள் பிளடரைத் திருப்பி எடுக்கப் பள்ளிக்கூடம் அறுத்தது என்றார்கள் கழகத்துக்காரர். ஒருவன் ஒருவனின் சேட்டைப் பிடித்தான். மனேச்சர் விசிலை ஊதினார்.

"ரெண்டு பகுதியும் வெளியாலை போங்கோ. இனி ஒருத்தருக்கும் கிட்டங்கி இல்லை. நான் பூட்டிப்போட்டுச் சும்மா இருக்கிறன்."

திறப்பு ஒன்றுதான். அது என் கையில் இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை. எனக்கு மட்டும்தான் வந்தது. பூட்டினால் பத்து நிமிடமும் இல்லை, ஒரு நிமிடமும் இல்லை. சொல்லிவிடுவோம், வேலை போனால் போகட்டும் என்று, "மனேச்சர் ஐயா, நான்..." என்று தொடங்கினேன்.

தேவராசா பந்தை எடுத்துக்கொண்டு எனக்கும் மனேச்சருக்கும் நடுவில் வந்தார். வாசல் வெளிச்சத்தில் பிடித்து, அறுந்த நூலின் முனையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். வலைக்காரருக்கு நூல் முனை பேசும். மீன் கடித்ததா, கல்லில் உரசியதா, எவனாவது வெட்டினானா என்று பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கடற்கரையில் எத்தனையோ களவு அப்படிப் பிடிபட்டிருக்கிறது. கழகத்துக்காரர் எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் வாயை மூடினார்கள்.

அவர் நூலைப் பார்த்தார். மேசையில் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, நன்றாக நேரமெடுத்துப் பார்த்தார்.

"எலி" என்றார்.

"எலியோ?" என்றார் மாஸ்ரர். "உரக் கிட்டங்கியிலை எலிக்கு என்ன வேலை? யூரியா தின்னுமோ?"

"நூலுக்கு மெழுகு பூசினனான், சேர். மெழுகு மணத்துக்கு எலி வரும். என்னிலைதான் பிழை."

வலைக்காரன் நூலைப் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சேட்டைப் பிடித்தவன் விட்டான். மனேச்சர், பொறி வைக்க வேண்டும் என்று தான் எத்தனையோ தரம் சொன்னதாகச் சொன்னார். ஒருதரமும் சொன்னதில்லை. தேவராசா அதே இடத்தில் குந்தியிருந்து ஊசியை எடுத்தார். இந்தமுறை லேஸ் போட வாய் விட்டுத் தைத்தார். துளைகளுக்குப் பலமாக வைக்கத் தோல் துண்டு தேவைப்பட்டது. மாஸ்ரர் தன் பெல்ற்றைக் கழற்றி ஒரு பக்கம் வெட்டிக் கொடுத்தார். அன்று முழுக்க ஒரு கையால் களுசானைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பொடியளை விளையாட வைத்தார்.

"மிஸ், லேஸ் இருக்கோ?" என்று தேவராசா கேட்டார். லாச்சியைத் திறக்க எனக்கு மூன்றுதரம் திறப்புப் பிழைத்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கடைசி நிமிடத்தில் வசந்தன் அடித்தான். பந்து மூன்றாவது தூணில் பட்டு, வேகமெல்லாம் போய், கோழிக்குஞ்சு நடந்து வருகிற மாதிரி வந்தது. தேவராசா மற்றப் பக்கம் பாய்ந்தார். பந்து தார்க் கோட்டுக்குள் போய்ச் சுவரைத் தொட்டு நின்றது. பள்ளிக்கூடம் வென்றது. கழகத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். எங்கள் அப்பர் யன்னல் கம்பியைப் பிடித்துத் துள்ளினார்.

நாலிலிருந்து ஆறு

திங்கட்கிழமை கழகம் இரண்டு மணி வெயிலில் வந்து அவிந்துவிட்டு நாலுக்கு முடித்தது. பந்து பள்ளிக்கூடத்தின் கைக்கு மாறியது. கழகத்துப் பொடியள் சைக்கிளில் ஏறினார்கள். தேவராசா வெறும் யூரியாச் சாக்கு ஒன்றை மடித்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் போகேல்லையோ?"

"தோல் நிக்குது, மிஸ். ஆறு மணிக்குக் கழட்டினால்தானே கொண்டு போகலாம்."

நாலிலிருந்து ஆறு. இரண்டு மணித்தியாலம். தோற்றதிலும் ஒரு நன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்தமுறை வெட்டிறதெண்டால் முடிச்சுக்கு மேலை வெட்டுங்கோ. கீழை வெட்டினால் முழுத் தையலும் போயிடும்" என்றார்.

"ஏன் எலி எண்டு சொன்னனீங்கள்?"

"வேறை என்ன சொல்லிறது?"

நானும் இனிப் புறுபுறுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். "வீட்டிலை ஒரு படம் வந்திருக்கு" என்றேன். "கனடாவிலை இருந்து. இந்தக் கிழமை பதில் எழுத வேணும்."

உள்ளே பந்து தகரத்தில் பட்டது. ஆரோ விசில் ஊதினார்கள். அவர் சாக்கின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கடை அப்பரை எந்த நேரம் வந்தால் காணலாம்?"

"காலமை" என்றேன். "தோட்டத்துக்கு இறைக்கப் போக முன்னம்."

வந்தார். மறுநாளே வந்தார். வெள்ளைச் சேட்டு, தலைக்கு எண்ணெய். அப்பர் மண்வெட்டியோடு படலையைத் திறந்தவர் ஆளைக் கண்டுவிட்டு நின்றார். நான் கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு எல்லாம் கேட்டது.

"நீர் கழகத்துக் கோலி அல்லோ?"

"ஓம் ஐயா. தேவராசா."

வந்த காரியத்தை அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், இரண்டு வசனத்தில். அப்பர் கோபப்படுவார் என்று நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அப்பர் வேறொன்றைக் கேட்டார்.

"முப்பது வருசமாப் பந்தடி பாக்கிறன். அண்டைக்கு வந்த அந்தப் பந்தை என்ரை மாடும் மறிச்சிருக்கும். நீர் ஏன் விட்டனீர்?"

தேவராசா கிணற்றடிப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"தோத்தால் ரெண்டு மணித்தியாலம் நிக்கலாம் எண்டு, ஐயா."

அப்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மண்வெட்டியை வேலியில் சாத்தி வைத்துவிட்டு, "மலர், தேத்தண்ணி போடு" என்றார்.